ராத்திரியில்தான் தொட்டி சூடாகிறது, பவளம் மூடிக்கொள்கிறது: என்ன காரணம்?

தண்டையார்பேட்டை மாடிவீடு

வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடிதான். ஹாலில் பவளம் வளர்க்கும் நாலடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல், மணல் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். கல் எல்லாமே செராமிக். கீழே சம்ப் (வடிகட்டும் சின்னத் தொட்டி), கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், தண்ணீரை அலைபோல ஓடவிடும் வேவ்மேக்கர் பம்ப் இரண்டு, மேலே நீலமும் வெள்ளையும் கலந்த எல்இடி. உள்ளே இருப்பது மென்பவளங்கள் மட்டும்: ஒரு டோட்ஸ்டூல் லெதர், ஒரு கென்யா ட்ரீ, சிவப்பு மஷ்ரூம் கொஞ்சம், ஜோவாந்திட் (ஜோவா) இரண்டு நிறம். எல்லாம் கொளத்தூரில் வாங்கியவை. மீன் என்றால் ஒரு ஜோடி க்ளவுன் மட்டும்.

பங்குனி வரை எல்லாம் விரிந்து அழகாக இருந்தன. சித்திரை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்துவிட்டது. தொட்டி விளிம்பில் இரண்டு க்ளிப் ஃபேன் மாட்டியிருக்கிறேன். எனக்குப் புரியாத விஷயம் இதுதான். மதியம் இரண்டு மணிக்கு, தெருவில் கால் வைக்க முடியாத நேரத்தில், தொட்டி 28.5 டிகிரி. அம்மா பார்த்து போனில் சொல்வார். நான் வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் 30.8. வெயில் போன பிறகு எப்படிச் சூடு ஏறும்? தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே கணக்குதான்.

 உப்பு, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் காலையில் ஆயிரத்துக்கு 35 பங்கு, ராத்திரி 36. ஆவியாகிற தண்ணீர் தினமும் ஐந்து லிட்டருக்கு மேல். அதைக் கேன் தண்ணீர் ஊற்றி ராத்திரி ஒரே தடவையில் நிரப்புகிறேன். வீட்டில் இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதால் விளக்கு மாலை 4 மணியிலிருந்து 12 மணி வரை எரிகிறது.

இப்போது ஜோவா பாதிக்கு மேல் திறப்பதில்லை. மஷ்ரூம் ஓரத்தில் நிறம் வெளிறத் தொடங்கியிருக்கிறது. டோட்ஸ்டூல் முழுக்கச் சுருங்கி, மேலே மெழுகு பூசினது போல ஒரு பளபளப்பு. வெளுத்துப் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா? ராத்திரி மட்டும் ஏன் இப்படி?

பெரம்பூர் பாசி

டோட்ஸ்டூலை நினைத்துப் பயப்படாதீர்கள். லெதர் வகை அவ்வப்போது தோல் உரிக்கும். சுருங்கி, பளபளவென்று ஒரு படலம் வரும். சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்து, படலம் கழன்றதும் முன்பைவிடப் பெரிதாக விரியும். கையால் உரிக்க வேண்டாம். வேவ்மேக்கரின் ஓட்டம் அதன் தலைமேல் படும்படி கொஞ்சம் திருப்பி வையுங்கள், அது போதும். சம்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். லெதர் தண்ணீரில் விடுகிற ரசாயனம் பக்கத்துப் பவளங்களுக்கு ஆகாது. ஜோவா மூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மஷ்ரூம் வெளிறுவது வேறு விஷயம். அது சூடுதான். மெக்கானிக் அண்ணன் வந்து சொல்லட்டும்.

வியாசர்பாடி கூலிங்

தம்பி, நான் ஏசி மெக்கானிக். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று மாடி வீடுகளில்தான் என் பிழைப்பு. வீட்டில் மூன்றடித் தொட்டியில் மென்பவளம் வளர்க்கிறேன். உங்கள் தெர்மாமீட்டர் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. மதியம் 28.5, ராத்திரி 30.8 என்பது நம் ஊர்ச் சித்திரைக்கு நடக்கக்கூடிய கணக்குதான். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஃபேன் தண்ணீரைக் குளிர வைப்பது ஆவியாக்கித்தான், மண்பானையில் நடக்கிற அதே வேலை. ஒரு லிட்டர் ஆவியானால் உங்கள் 200 லிட்டரில் சுமார் 3 டிகிரி இறங்கும் அளவுக்குச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பெரிய சக்தி அது. ஆனால் எத்தனை ஃபேன் மாட்டினாலும் ஒரு எல்லைக்குக் கீழே இறக்க முடியாது. எங்கள் தொழிலில் அந்த எல்லையை வெட் பல்ப் என்போம். தெர்மாமீட்டர் நுனியில் ஈரத்துணி சுற்றி, விசிறிவிட்டுப் பார்த்தால் காட்டுகிற சூடு. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு கீழே இருக்கும்.

இப்போது நம் ஊர்க் காற்றைப் பாருங்கள். மதியம் மேற்கிலிருந்து அனல்காற்று வருகிறது. 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வெட் பல்ப் கிட்டத்தட்ட 26. உங்கள் ஃபேன் நன்றாக வேலை செய்கிறது, தொட்டி 28.5-இல் நிற்கிறது. அப்புறம் கடற்காற்று உள்ளே வருகிறது. தண்டையார்பேட்டையில் கடல் கூப்பிடு தூரம். சட்டை பறக்கிறது, நமக்கு உயிர் வந்த மாதிரி இருக்கிறது, சூடும் 33-க்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஈரப்பதம் 75-க்கு ஏறுகிறது. வெட் பல்ப் 29. ஃபேன் ராத்திரி முழுக்கச் சுற்றினாலும் 29-க்குக் கீழே தண்ணீர் போகவே போகாது. அதன்மேல் பம்பின் சூடு, விளக்கின் சூடு.

இன்னொன்று தலைக்கு மேலே இருக்கிறது. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, சாயங்காலத்துக்கு மேல்தான் கீழே இறக்கும். ஒன்பது மணிக்கு உங்கள் ஹால் சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். ஆக, கடற்காற்றின் ஈரம், தளத்தின் சூடு, விளக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன.

இதில் உங்கள் கையில் உடனே இருப்பது விளக்கு. அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லா என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது உணவு செய்கிறது, பவளம் அதில் வாழ்கிறது. தண்ணீர் சூடாக இருக்கும்போது வெளிச்சமும் பலமாக அடித்தால் அந்தப் பாசியின் உணவு செய்யும் அமைப்பு கெட்டு, திசுவைத் தாக்கும் வகை ஆக்ஸிஜன் உண்டாகிறது. பவளம் தாங்க முடியாமல் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பது என்பது அதுதான். சூடு தனியாக வந்தால் கொஞ்ச காலம் சமாளிக்கும், வெளிச்சமும் சேர்ந்தால் சீக்கிரம் விழும். உங்கள் தொட்டியில் நாளின் உச்சச் சூடும் உச்ச வெளிச்சமும் ராத்திரி பத்து மணிக்குக் கைகோத்து நிற்கின்றன. விளக்கைக் காலை 7 முதல் மதியம் 2 வரைக்கு நகர்த்துங்கள். ஒரே நாளில் வேண்டாம், தினமும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். வெள்ளையைப் பாதியாகக் குறையுங்கள், மஷ்ரூமுக்கு அதுவே தாராளம். நீங்கள் வந்து பார்க்க ராத்திரி ஒரு மணி நேரம் மங்கலாக நீலம் மட்டும் எரியட்டும். ஜோவா அந்த நீலத்தில்தான் மின்னும்.

அடுத்தது உப்பு. ஐந்து லிட்டருக்கு மேல் ஆவியாகிப் போவதால்தான் 35 என்பது 36 ஆகிறது. ராத்திரி நீங்கள் மொத்தமாக ஊற்றியதும் சட்டென்று திரும்ப இறங்குகிறது. தினம் தினம் இந்த ஏற்ற இறக்கம். 34-இல் நின்றாலும் 36-இல் நின்றாலும் மென்பவளம் வாழ்ந்துவிடும். ஓரிடத்தில் நில்லாமல் ஆடுவதைத்தான் அது வெறுக்கிறது. சூட்டுக்கும் இதே பேச்சுதான். சம்பில் ஒரு ஃப்ளோட் வால்வு, மேலே ஒரு நல்ல தண்ணீர் வாளி, இடையில் ஒரு டியூப். ஆவியாக ஆவியாகத் தானே நிரப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக் வால்வாகப் பார்த்து வாங்குங்கள், பித்தளை வேண்டாம்.

பித்தளை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என் வாடிக்கையாளர்களில் மீன் வளர்ப்பவர்கள் பலர் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) பூஜ்யம் காட்டுகிறது, தொட்டிக்கு ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றவே கூடாது. அந்தத் தண்ணீர் செம்புக் குழாய், அலுமினியத் தகடு, தூசி, பூஞ்சை எல்லாவற்றையும் தடவிக்கொண்டு வருகிறது. டிடிஎஸ் மீட்டர் கண்டுபிடிக்காத துளிச் செம்பு போதும், பவளமும் இறாலும் நத்தையும் போய்விடும். கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும்.

கேன் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, கூலிங் பெயிண்ட்டோ அடித்துவிடுங்கள். அது தொட்டிக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் நல்லது. சில்லரைப் பற்றி இதெல்லாம் செய்து பார்த்த பிறகு பேசுவோம்.

தண்டையார்பேட்டை மாடிவீடு

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. விளக்கை நகர்த்தி முடித்துவிட்டேன், வெள்ளை பாதிதான். ஃப்ளோட் வால்வு மாட்டியதிலிருந்து உப்பு 35-லேயே நிற்கிறது. மாடிக்கு ஹவுஸ் ஓனரிடம் பேசிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ராத்திரி உச்சம் இப்போது 29.7. மஷ்ரூம் மேற்கொண்டு வெளிறவில்லை. டோட்ஸ்டூல் படலம் கழன்று, பாலிப் (பூப்போல விரியும் சின்ன வாய்கள்) எட்டிப் பார்க்கிறது. அம்மா தினமும் மதியம் வெளிச்சத்தில் பார்த்து எது திறந்திருக்கிறது என்று போனில் சொல்கிறார். கேன் தண்ணீர் 80 டிடிஎஸ், வீட்டு ஆர்ஓ 45.

இன்னும் நாலு கேள்வி. காசிமேட்டில் தெரிந்தவர் ஒருவர் கடல் தண்ணீர் கேனில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், உப்பு வாங்கும் செலவு மிச்சம் என்கிறார். வாங்கலாமா? நண்பர் ஒருவர் ஹேமர் பவளத்தில் ஒரு கிளை உடைத்துத் தருவதாகச் சொல்கிறார். வைக்கலாமா? ஒரு ஜோவா கல்லில் பச்சை முடிப்பாசி அப்பியிருக்கிறது. எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் அலசி பிரஷ் போடலாமா? தொட்டியை எடுத்துவிடும் ஒருவர் பழைய சில்லரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். பார்க்கலாமா?

பெரம்பூர் பாசி

ஜோவா கல்லைக் கொதிநீரில் போடாதீர்கள்! மற்ற எதையும் அப்புறம் படியுங்கள், இதை இப்போதே மனதில் வையுங்கள். ஜோவா, பாலித்தோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். கல்லை வேகவைத்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஆவி வேண்டாம், உலர வைத்துச் சுரண்டவும் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பேசின் உப்புத் தண்ணீருக்குள்ளேயே கல்லை வைத்து, பாசியை மட்டும் இடுக்கியால் பிடுங்குங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட வேண்டாம். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

முடிப்பாசிக்குத் தீனி உங்கள் கேன் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். 80 டிடிஎஸ் தினமும் ஐந்து லிட்டர் போனால், தண்ணீர் மட்டும் ஆவியாகி அதில் இருந்த எல்லாம் உள்ளேயே தங்கும். வீட்டு ஆர்ஓ-வுக்குப் பின்னால் மிச்ச உப்புகளை உறிஞ்சும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

காசிமேட்டுக்காரி

தம்பி, எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கடல் தொழில். கடல் தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன்.

கேன் எங்கே நிரம்பியது என்று அவரிடம் கேளுங்கள். துறைமுகத்துக்குள் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். விசைப்படகு டீசல், எஞ்சின் ஆயில், ஐஸ் கரைந்த நீர், மீன் கழுவிய நீர் எல்லாம் அதற்குள்தான். எண்ணூர்ப் பக்கக் கரையும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கக் கறுத்தது. எங்கள் சொந்தக்காரர்களின் படகு, வலை எல்லாம் பிசுபிசுவென்று ஆகி, தொழிலுக்கே போக முடியாமல் கிடந்தார்கள். அலையாத்தி மரங்களின் வேரில் தார் பூசின மாதிரி எண்ணெய் நின்றதை நான் நேரில் பார்த்தேன். நல்ல ஆழத்துக்குப் போய் எடுத்துவருகிற தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பு குறைந்துவிடும். ஒவ்வொரு கேனையும் அளந்துதான் நம்ப முடியும். வாராவாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுவீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முக்கால் கிலோ ரீஃப் உப்பு போதும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவு ஆசையாக வளர்த்ததை இழக்க வேண்டாம்.

ஹேமர் வேண்டாம். அது கல் பவளம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ஆம் ஆண்டு கல் பவளம் அத்தனையையும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. கடல்விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளத்தையும் அப்போது அதில் சேர்த்தார்கள். கடல் குதிரையையும் கடல் அட்டையையும் அப்படித்தான். உயிரோடு இருந்தாலும் செத்த கூடாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். வலையில் கடல்விசிறி சிக்கினால் எங்கள் ஆட்கள் அங்கேயே கழற்றிக் கடலில் விட்டுவிடுவார்கள், கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள். நீங்கள் செராமிக் கல் போட்டிருப்பதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பழைய பவளக் கூட்டை லைவ் ராக் என்று விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் ஒரு பக்கம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற பவளத்தை நினைத்துப் பாருங்கள். 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கிய இடம். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காக டன் டன்னாக வெட்டி எடுத்தார்கள். அதிலிருந்து மிஞ்சியது 2010-லும் 2016-லும் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியபோது வெளுத்தது. உங்கள் ஹாலில் நடந்ததேதான் அங்கே கடல் அளவில் நடந்தது. அங்கே விளக்கைக் குறைக்கவும் ஃபேன் போடவும் ஆள் இல்லை. அங்கிருந்து ஒரு கிளைகூட யார் வீட்டுத் தொட்டிக்கும் வரக் கூடாது என்பது என் எண்ணம். உங்களிடம் இருக்கும் மஷ்ரூமும் கென்யா ட்ரீயும் தானே குட்டி போட்டுப் பெருகும். அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.

வியாசர்பாடி கூலிங்

அக்கா சொன்னதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்.

தம்பி, 29.7 நல்ல முன்னேற்றம். ஆனால் அக்னி நட்சத்திரம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதனால் சில்லரைப் பாருங்கள். ஹாலில் ஏசி இருந்தால் சில்லரே வேண்டாம் என்றிருப்பேன். ஏசி காற்றை உலர்த்தும், உலர்ந்த காற்றில் அதே க்ளிப் ஃபேன் தொட்டியை 26-க்குக் கொண்டுவந்துவிடும். ஏசி இல்லாத ஹாலில் சில்லர் சரியான முடிவுதான்.

வாங்குமுன் தண்ணீர் போகும் வாயைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே சுருளைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் டைட்டானியம், எடுக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் அது குடிதண்ணீர் கூலரைப் பிரித்துச் செய்தது, தொடாதீர்கள். நம் ஏரியாவில் அப்படிச் செய்து விற்பது நிறைய. நிறத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு வாளி உப்புத் தண்ணீரை ஒரு நாள் அதில் சுற்றவிட்டு, அந்தத் தண்ணீரைச் செம்பு டெஸ்ட் கிட்டில் பாருங்கள். கேஸ் இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். 20 லிட்டர் வாளியில் அரை மணி நேரம் ஓடவிட்டு 3 டிகிரிகூட இறங்கவில்லை என்றால் கேஸ் போயிருக்கிறது அல்லது கம்ப்ரசர் களைத்திருக்கிறது. பின்பக்கக் கண்டென்சர் தகடுகளும் கடல்காற்றில் பொடிந்திருக்கலாம், விரலால் தொட்டுப் பாருங்கள்.

வாங்கினால் தொட்டி ஸ்டாண்டுக்குள் அடைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே தள்ள வேண்டும். மூடிய அலமாரியில் வைத்தால் தான் தள்ளிய சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். பால்கனிப் பக்கம் வைத்து, குழாயைச் சுவர் வழியாகக் கொண்டுபோங்கள். 27-இல் செட் செய்யுங்கள். 25 வேண்டாம், கரண்ட் பில்லும் ஏறும், கரண்ட் போகும்போது இறக்கமும் ஏற்றமும் பெரிதாக இருக்கும். 30-லிருந்து 27-க்கும் ஒரே ராத்திரியில் இறக்காமல், தினமும் அரை டிகிரியாக இறக்குங்கள்.

கரண்ட் பற்றி இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பவளம் வெளிச்சம் இல்லாமல் சில நாள் இருந்துவிடும். தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்ஸிஜன் தீர்ந்து ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் சில்லர், விளக்கு எதையும் போடாமல் ஒரே ஒரு வேவ்மேக்கரை மட்டும் கொடுங்கள். அதன் வாயை மேற்பரப்பு கலங்கும்படி திருப்பி வையுங்கள். 150 ஆம்பியர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி, எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குக் காட்டி வையுங்கள்.

சில்லர் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள். ஞாயிறு என்றால் நானும் வருகிறேன்.

தண்டையார்பேட்டை மாடிவீடு

ஞாயிறே போகலாம் அண்ணா. அக்கா, கென்யா ட்ரீயில் ஒரு கிளை தானே விழுந்து கல்லில் ஒட்டியிருக்கிறது. நன்றாகப் பிடித்ததும் உங்களுக்குத்தான்.

காசிமேட்டுக்காரி

சந்தோஷம் தம்பி. அவசரமே இல்லை, வெயில் குறையட்டும். இந்தச் சூட்டில் பையில் போட்டுத் தூக்கிவர வேண்டாம்.